என்ஜின் தட்டுவதைக் காதால் பிடிக்க முடியுமா? வீட்டில் செய்த நாக்கிங் கருவி

பிப்ரவரி 6 (கேள்வி)

பழைய பெட்ரோல் கார். ஏற்றத்தில் நான்காவது கியரில் மிதித்தால் 'சலசல'வென்று ஒரு சத்தம். ஒருவர் நாக்கிங் என்கிறார், இன்னொருவர் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) என்கிறார், மூன்றாமவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொள் என்கிறார். மைக், ஆம்ப்ளிஃபையர் ஏதாவது வைத்து வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

பிப்ரவரி 6, இரவு

உண்டு. என் காரிலும் இதே 'சலசல'தான், அதற்காக நான் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், பாதிதான் முடிந்திருக்கிறது. செய்யச் செய்ய இங்கேயே எழுதுகிறேன். தப்பு இருந்தால் திட்டுங்கள்.

முதலில், எதைக் கேட்கப்போகிறோம்? பிளக்கில் பற்றிய தீ சிலிண்டருக்குள் பரவிக்கொண்டே போகும். அது போய்ச் சேர்வதற்குள் மூலையில் மிச்சமிருக்கிற கலவை, சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே ஒரேயடியாகப் பற்றிக்கொள்வதுதான் நாக்கிங். அந்த அதிர்ச்சியில் எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவருக்கும் சுவருக்கும் இடையே மோதி மோதித் திரும்பும். காலிக் குடத்தைத் தட்டினால் குடத்தின் அளவுக்கேற்ற ஓசை வருகிற மாதிரி, சிலிண்டரின் அகலத்துக்கேற்ற ஓசை வரும். பெரும்பாலான கார்களுக்கு அது 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் விழும். பிஸ்டனோ கனெக்டிங் ராடோ எதையும் போய்த் தட்டுவதில்லை. தட்டுகிற மாதிரிக் கேட்பதால் அந்தப் பெயர்.

மைக்கை விடுங்கள். பானெட்டுக்குள் மைக் வைத்தால் ஃபேன் காற்றும் பெல்ட்டும் சைலன்சரும்தான் கேட்கும். ஒலியை இரும்பிலிருந்து எடுக்க வேண்டும்.

காசு செலவழிக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு சாண் செம்புக்குழாய். ஒரு முனையைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கி, துளை போட்டு, என்ஜின் பிளாக்கில் ஏதாவது போல்ட்டுக்கு அடியில் இறுக்குங்கள். மறுமுனையில் ரப்பர் குழாய். அதைக் காருக்குள் கொண்டுவந்து, தொழிற்சாலையில் போடுகிற காதுமூடிக்குள் சொருகுங்கள். மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பேதான். ரேஸ் என்ஜின் ட்யூன் செய்கிறவர்கள் வெகுகாலம் இதை வைத்தே பிழைத்தார்கள். ரப்பர் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது தொட்டது. உருகிய நாற்றத்தில் மூன்று நாள் காருக்குள் உட்கார முடியவில்லை.

பிப்ரவரி 8

எந்த அதிர்வெண் என்று கணக்குப் போட ஒரு சுருக்கு வழி: 1800-ஐ 3.14-ஆல் வகுத்து, வந்ததை சிலிண்டர் போரின் (உள்விட்டத்தின்) மி.மீ. அளவால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸில் விடை. என் காருக்கு 6.8 வருகிறது.

இந்தக் கணக்கின் பின்னால் இருப்பவர் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர். 1930-களில் சிலிண்டருக்குள் அழுத்த அலை எப்படி ஆடுகிறது என்று ஆராய்ந்தவர். பின்னாளில் அப்பல்லோ விண்கலத்துக்கு வழிகாட்டும் கணினியைச் செய்தது இதே ஆள் எம்ஐடியில் நடத்திய ஆய்வுக்கூடம்தான். நிலாவுக்கு வழி சொன்னவர் நாக்கிங்கோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பிப்ரவரி 8, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் தப்பு. போருக்குப் பதில் ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற தூரத்தை, போட்டுவிட்டேன். என் என்ஜினில் போர் 75, ஸ்ட்ரோக் 84. சரியான விடை 7.6 கிலோஹெர்ட்ஸ். சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி, சிரித்ததற்கு நன்றி இல்லை.

இந்தக் கணக்கும் உத்தேசம்தான். உள்ளே வாயுவின் சூடு மாறினால் ஒலியின் வேகம் மாறும், அதோடு அதிர்வெண்ணும் நகரும். பிஸ்டன் கீழே போகப்போக வாயு குளிர்வதால், ஒரே நாக்கிங் சத்தம்கூட முடியும்போது கொஞ்சம் இறங்கித்தான் முடியும். அதனால் வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் உள்ளே விடுகிற ஃபில்டரை ஊசிமுனை மாதிரிக் குறுக்கலாகப் போடாதீர்கள். 5-லிருந்து 10 வரை தாராளமாக விடுங்கள்.

பிப்ரவரி 15

செம்புக்குழாயில் சலசலப்பு நன்றாகவே கேட்டது. ஆனால் பதிவு செய்ய முடியாதே, அடுத்தவரிடம் எப்படிக் காட்டுவது? சரி என்று பஸ்ஸரிலிருந்து கழற்றிய 27 மி.மீ. பீசோ வட்டு (அதிர்வை மின்சாரமாக்குகிற தகடு) ஒன்றைத் தடிமனான வாஷரில் ஒட்டி, பிளாக்கில் இறுக்கி, ஒயரை நேரே ஃபோனின் மைக் சொருகியில் கொடுத்தேன்.

பதிவை ஆடாசிட்டி என்ற மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது எந்த அதிர்வெண் எப்போது வருகிறது என்று காட்டும் படமாக, விரித்தால் 4 கிலோஹெர்ட்ஸில் பட்டையாக ஒரு கோடு. மிதித்தால் பளிச்சென்று ஏறுகிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் 7.6 எங்கே?

பிப்ரவரி 16

4 கிலோஹெர்ட்ஸ் என்பது பீசோ வட்டின் சொந்தக் குரல். பஸ்ஸருக்கென்று செய்த வட்டு, அந்தப் பக்கத்தில் ஒலிக்கத்தான் செய்திருக்கிறார்கள். எதைத் தட்டினாலும் அது அப்படித்தான் பாடும். கதவைச் சாத்தினாலும் அதே கோடு வந்தது. வீட்டில் கூப்பிட்டுக் காட்டியதை மறந்துவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

ஃபோனிலும் ஒரு சிக்கல். பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்று அது தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும், இரைச்சல் என்று தோன்றுவதை வெட்டும். நமக்கு வேண்டியதே அந்த இரைச்சல்தான். அந்த வசதிகளை அணைக்கிற செயலி இருந்தால் ஃபோன் போதும். இல்லாவிட்டால் தனி ரெக்கார்டர்.

பிப்ரவரி 17

"இதெல்லாம் எதற்கு, ஆர்டுயினோவில் போட்டு எல்இடி எரியவிடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆர்டுயினோ என்பது நாமே நிரல் எழுதி ஓட்டுகிற சின்னக் கணினிப் பலகை. விடுவேனா, அதையும் பார்த்தேன். 2.6 கிலோஹெர்ட்ஸில் ஏதோ காட்டுகிறது. எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 19

இப்போது புரிந்தது. என்னிடம் இருக்கிற ஆர்டுயினோ ஊனோ போர்டு வழக்கமான அமைப்பில் விநாடிக்குச் சுமார் 9600 தடவைதான் அளக்கும். அதில் பாதி, அதாவது 4.8 கிலோஹெர்ட்ஸ் வரைதான் உண்மையைச் சொல்லும். அதற்கு மேல் வருகிற ஒலியைத் திருப்பி மடித்து வேறு இடத்தில் காட்டும். 7 கிலோஹெர்ட்ஸ் வந்தால் 9.6-இல் 7 போக 2.6. அதுதான் நான் பார்த்த பேய். ஏடிசியின் (சிக்னலை அளந்து எண்ணாக்கும் பகுதி) வேகத்தை முடிவு செய்கிற பிரிஸ்கேலரை 128-லிருந்து 16-க்கு இறக்கினால் விநாடிக்கு 76 ஆயிரம் வரை போகும், துல்லியம் கொஞ்சம் குறைந்தாலும் இந்த வேலைக்குப் போதும். எல்இடி ஆசை உள்ளவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.

எனக்கு எல்இடி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். விளக்கு எரிந்தால் "ஏதோ சத்தம்" என்றுதான் தெரியும். என்ன சத்தம் என்று கேட்க வேண்டும்.

மார்ச் 1

பழைய இரும்புக் கடையில் வேறொரு காரின் நாக் சென்சார் (நாக்கிங் அதிர்வை என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற உறுப்பு) கிடைத்தது. நடுவில் துளையுள்ள, வடை மாதிரி இருக்குமே, அந்த வகை. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் மட்டும் துள்ளாமல், நமக்கு வேண்டிய பகுதி முழுக்கச் சமமாக எடுக்கும். எட்டு மி.மீ. போல்ட்டால் பிளாக்கில் இரண்டாவது மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே காலியாக இருந்த துளையில் இறுக்கினேன். இறுக்கம் 20 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சால் பார்த்து. அடியில் பெயிண்ட், துரு, எக்ஸ்ட்ரா வாஷர் எதுவும் கூடாது. பளபளவென்று தேய்த்த இரும்பின் மேல் உட்கார வேண்டும். முதல் தடவை சோம்பேறித்தனமாகப் பெயிண்ட் மேலேயே வைத்தேன். எடுத்துத் தேய்த்துவிட்டு வைத்ததும் சத்தம் கண்ணாடியைத் துடைத்த மாதிரி ஆனது.

சர்க்யூட் சின்னது. சிக்னலைப் பெருக்க டிஎல்072 ஐசி, 9 வோல்ட் பேட்டரி, இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டரால் நடுவில் 4.5 வோல்ட். சென்சாரிலிருந்து உள்ளே வரும் இடத்தில் 1 மெகாஓம், இருபது மடங்கு பெருக்கம். உள்ளீட்டில் எதிரெதிராக இரண்டு 1என்4148 டயோடு. பீசோவை ஸ்பேனர் தவறித் தட்டினால் ஐசியைச் சுடுகிற அளவு வோல்ட் வரும், அதற்காக. காரின் 12 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள், ஆல்டர்னேட்டர் 'ஊ'வென்று உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

சென்சாரை நேரே ஃபோனில் கொடுத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். இந்த சென்சாரின் கெப்பாசிட்டன்ஸ் 1 நானோஃபாரட் அளவுதான். மைக் சொருகியின் உள்தடை இரண்டு கிலோஓம் சொச்சம். அந்தச் சுமையில் நமக்கு வேண்டிய 7 கிலோஹெர்ட்ஸ் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

இன்னொன்று. உங்கள் காரில் ஏற்கெனவே நாக் சென்சார் இருந்தால் அதன் ஒயரில் கிளை போட்டு எடுக்காதீர்கள். என்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகிற சிக்னல் குறையும், அது குழம்பினால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) குழம்பும். தனி சென்சார்தான் நல்லது. என் காரில் கம்ப்யூட்டரே இல்லை, பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடுகிற பழைய டிஸ்ட்ரிபியூட்டர்தான், அதனால் அந்தக் கவலை இல்லை.

மார்ச் 3

1 மெகாஓம் என்று எழுதினேன் அல்லவா, அதை 47 கிலோஓம் ஆக்குங்கள். 1 மெகாஓமில் 160 ஹெர்ட்ஸிலிருந்தே எல்லாம் உள்ளே வந்து, என்ஜினின் குமுறல் ஐசியை நிரப்பி, உச்சிகள் எல்லாம் வெட்டுப்பட்டன. 47 கிலோஓமில் 3.4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது தானாக இறங்கிவிடுகிறது. ஒரே ஒரு ரெசிஸ்டரை மாற்றியதற்கு இவ்வளவு வித்தியாசம் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 4

ஒருவர் 7 கிலோஹெர்ட்ஸ் தனக்குக் கேட்கவே கேட்காது, வயதாகிவிட்டது என்கிறார். பதிவை நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டுங்கள். 7.6 என்பது 1.9 ஆக இறங்கும், விசில் மாதிரி கேட்கும். நேரடியாகக் கேட்க வேண்டுமென்றால் 6 கிலோஹெர்ட்ஸ் ஆசிலேட்டரோடு கலந்து கீழே இறக்கலாம், வௌவால் சத்தம் கேட்கும் கருவிகளில் செய்கிற வித்தை. நான் செய்து பார்க்கவில்லை. வௌவால் என்றதும் பேச்சு அந்தப் பக்கம் பறந்துவிட்டது, திரும்பி வாருங்கள்.

மார்ச் 9

மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில் ஹெட்போனோடு. (ஓட்டுகிறவர் ஹெட்போன் போடவே கூடாது, இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஒருவர் கேட்டுவிட்டார்.) ஏற்றம், மூன்றாவது கியர், 2400 ஆர்பிஎம், முழு மிதி.

கேட்டது மூன்று வகைச் சத்தம். ஒன்று, எப்போதும் ஒரே சீராக 'டிக் டிக்'. இரண்டு, மிதித்தால் மட்டும் கிராவலை அள்ளித் தகரத்தில் போட்ட மாதிரி 'சலசல'. மூன்றாவது அதற்கும் அடியில், எப்போதாவது, மெல்லிய 'டிண்'. இரண்டாவதுதான் நாக்கிங், சந்தேகமே இல்லை என்று அன்றிரவே எழுதத் தொடங்கினேன். நல்லவேளை அனுப்பவில்லை.

மார்ச் 16

இழையின் தொடக்கத்திலிருந்து நான் சத்தத்தின் சுருதியைப் பிடித்துக்கொண்டே தொங்கியிருக்கிறேன். சுருதியைவிட நேரம் முக்கியம். நாக்கிங் எப்போது வேண்டுமானாலும் வராது. பொறி விழுந்து, பிஸ்டன் உச்சியைத் தாண்டி, கிராங்க் தண்டு சுமார் 10 டிகிரிக்கு மேல் சுழன்ற பிறகுதான் வரும். அப்படியானால் பொறி எப்போது விழுந்தது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்தால்?

ரெக்கார்டரில் இரண்டு சேனல் இருக்கிறது. இடது பக்கம் சென்சார். வலது பக்கத்துக்கு முதல் சிலிண்டரின் பிளக் ஒயர்மேல், அதன் ரப்பர் உறையின்மேல், சாதாரண ஒயரை நாலு சுற்றுச் சுற்றி, ஒரு பெரிய ரெசிஸ்டரும் அதே இரட்டை டயோடும் வழியாகக் கொடுத்தேன். உலோகத்தைத் தொடவே கூடாது. உறை வெடித்த பழைய பிளக் ஒயரில் இதைச் செய்யாதீர்கள், ஷாக் முழங்கை வரைக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தது.

2400 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 25 மில்லிசெகண்ட். ஒரு டிகிரி என்பது 0.07 மில்லிசெகண்ட். பொறி உச்சிக்கு 20 டிகிரி முன்னால் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், உச்சியைத் தாண்டி 20 டிகிரியில் வருகிற நாக்கிங், பொறியிலிருந்து 2.8 மில்லிசெகண்ட் தள்ளி நிற்க வேண்டும்.

இப்போது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

'டிக் டிக்' ஒவ்வொரு தடவையும் பொறியிலிருந்து 5 மில்லிசெகண்ட் பக்கத்தில், அசையாமல். மிதித்தாலும் விட்டாலும் அதே இடம். அது இன்டேக் வால்வ் மூடுகிற சத்தம். நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது இன்னொன்று அடியில் இருக்கும். அந்த இன்னொன்றின் வால்வ் மூடுவது இதன் வெடிப்புக்குப் பிறகு 50 டிகிரி பக்கத்தில் வந்து விழுகிறது, நாக்கிங்குக்குப் பக்கத்து வீடு. சுருதியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

'சலசல' எந்தப் பொறிக்கும் கட்டுப்படவில்லை. 1 மில்லிசெகண்டில், 6-இல், 9-இல், தன் இஷ்டத்துக்கு. அதிர்வெண்ணும் 3-லிருந்து 12 வரை இறைந்து கிடக்கிறது.

'டிண்' மட்டும் பொறியிலிருந்து 2.6-க்கும் 3.1 மில்லிசெகண்டுக்கும் நடுவில், 7.3 கிலோஹெர்ட்ஸில், ஒன்றரை மில்லிசெகண்ட் அதிர்ந்து அடங்குகிறது. மிதியை விட்டால் காணவில்லை.

மார்ச் 17

காருக்கு அடியில் படுத்து, ஆறின சைலன்சர் குழாயின்மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டைக் கையால் ஆட்டினேன். சலசல.

ஒரு போல்ட் துருப்பிடித்துப் போயிருக்கிறது. இரண்டு வருடமாக இந்தச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டு, நாக்கிங்கைத் தாங்குகிற, ஆக்டேன் கூடுதலான பெட்ரோலாகத் தேடித்தேடிப் போட்டிருக்கிறேன். தகட்டுக்கு ஆக்டேனைப் பற்றி எதுவும் தெரியாது.

சிரித்து முடித்துவிட்டீர்களா? ஆனால் 'டிண்' இருக்கிறதே, அது நிஜம். பெரிய சத்தம் பொய், சின்னச் சத்தம் மெய். தகட்டை இறுக்கிவிட்டு மறுபடி ஓட்டியதும் 'டிண்' தனியாகக் கேட்டது. பொறி அடையாளம் முதல் சிலிண்டருக்கு மட்டும் என்பதால் 12.5 மில்லிசெகண்ட் விட்டு அடுத்த இடத்தைப் பார்த்தேன். எரியும் வரிசை 1-3-4-2. பெரும்பாலான 'டிண்' இரண்டாவது இடத்தில், அதாவது மூன்றாவது சிலிண்டரில்.

மார்ச் 23

காரணம் என்ன என்று கேட்டவர்களுக்கு. பிஸ்டன் தலையில் கரி, உள்ளே போகும் காற்றின் சூடு, பெட்ரோல் குறைந்த கலவை, பொருந்தாத பிளக், கூலிங் கோளாறு, முந்திப்போன டைமிங், எதுவாகவும் இருக்கலாம். செலவில்லாதது டைமிங் என்பதால் அதைத்தான் முதலில் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் டைமிங் லைட்டைக் காட்டினால், பொறி உச்சிக்கு 8 டிகிரி முன்னால் விழ வேண்டிய இடத்தில் 13.

யார் திருப்பி வைத்தது? நான்தான். போன வருடம் இழுவை போதவில்லை என்று டிஸ்ட்ரிபியூட்டரை "கொஞ்சம்" திருப்பினேன். அது நினைவுக்கு வர ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. எந்த மெக்கானிக்கையும் திட்ட வழியில்லை.

8-க்குக் கொண்டுவந்து அதே ஏற்றத்தில் அதே கியரில் பதிவு செய்தேன். முன்பு ஒரு நிமிடப் பதிவில் 41 'டிண்' எண்ணியிருந்தேன். இப்போது 3.

ஏப்ரல் 2

வரலாறு பிடித்தவர் ஒருவர், இதற்கெல்லாம் முன்பு என்ன செய்தார்கள் என்று கேட்கிறார். தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கப் பொறியாளர் துள்ளும் ஊசி ஒன்று வைத்திருந்தார். சிலிண்டர் அழுத்தம் திடீரென்று ஏறினால் ஊசி எம்பி மின்தொடர்பைத் தொடும், எத்தனை தடவை என்று எண்ணிவிடலாம். 1921-இல் பெட்ரோலில் ஈயம் கலந்தால் நாக்கிங் அடங்கும் என்று கண்டதும் அவர்தான். ஊசி நல்ல ஊசி. ஈயத்தைக் காற்றிலிருந்து எடுக்க உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஏப்ரல் 11

இழையைத் தொடங்கிய நண்பர் இன்று எழுதியிருக்கிறார். என் சர்க்யூட் எதையும் செய்யவில்லையாம். முதல் நாள் சொன்ன செம்புக்குழாயை மட்டும் செய்து, ஒவ்வொரு போல்ட்டாக மாற்றி மாற்றி வைத்துக் கேட்டிருக்கிறார். பிளாக்கில் சத்தம் சன்னமாகவும் ஏர் ஃபில்டர் பெட்டியின் பிராக்கெட்டில் உரக்கவும் கேட்டிருக்கிறது. பிராக்கெட்டில் விரிசல். வெல்டிங் வைத்ததும் சத்தம் போய்விட்டது.

குழாயை ரப்பர் உருகாமல் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.